பின் பிரேக்கும் நாலு எலுமிச்சைப் பழமும்

மெக்கானிக் புருஷனுக்கு,

மீ கோரெங் மூடி வெச்சிருக்கேன். சாப்பிட்டுட்டு காருக்கு அடியில போங்க.

பின் பிரேக் பிடிக்கலன்னு நேத்து என்னைத்தான் திட்டினீங்க, நீங்க பிரேக் ஆயில்லேர்ந்து காத்து எடுக்கும்போது நான் பெடலைச் சரியா மிதிக்கலையாம். காலையில டார்ச் அடிச்சுப் பார்த்தேன். காத்து எடுக்கிற ஸ்க்ரூ முன்னாடி சக்கரத்துல மேல இருக்கு, பின்னாடி ரெண்டுலயும் கீழ இருக்கு. பின் சக்கரத்தைப் பிடிக்கிற கேலிப்பர்ல இடதையும் வலதையும் மாத்தி மாட்டியிருக்கீங்க. ஆயில்ல காத்து மேல நிக்குது, கீழ திறந்தா எப்படி வரும்? கழட்டிச் சரியா மாட்டுங்க லா. சாயங்காலம் வந்து மிதிக்கிறேன், கத்தக் கூடாது.

பெடல் மிதிக்கிற பொண்டாட்டி,
யோகேஸ்வரி

பி.கு.: பூஜையன்னைக்கு டயருக்கு அடியில வைக்கிற நாலு எலுமிச்சைப் பழம் பிரிட்ஜுல இருக்கு. ஜூஸ் போட்டுடாதீங்க.

இன்னொண்ணு. கார் சாவியைத் தேடாதீங்க, என் கைப்பையில இருக்கு. நீங்க அந்தப் பிரேக்கோட டுரியான் துங்கால் ரோட்டுல போறதை நினைச்சுக்கிட்டு என்னால ஆபீஸ்ல உட்கார முடியாது.