212-ஆம் பக்கத்துக் கையெழுத்து

மரியே வாழ்க

சவேரியார்குப்பம்,
பழவேற்காடு அஞ்சல்.
27.01.2025

மதிப்பிற்குரிய முன்னாள் அமைச்சர் தணிகாசலம் ஐயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். என் பெயர் எலிசபெத். தாங்கள் எழுதிய ‘ஆட்சியும் அடியேனும்’ புத்தகத்தின் 212-ஆம் பக்கத்தில் வரும் பால்ராஜ் என்பவரின் மனைவி. அவர் இறந்து எட்டரை வருஷம் ஆகிறது. தங்கள் விலாசம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

டிவியில் தங்கள் புத்தகத்தைப் பற்றித் தினமும் சண்டை போடுகிறார்கள். யாரைத் திட்டினீர்கள், யாரை விட்டுவிட்டீர்கள் என்று பேச்சு. எங்கள் ஊரில் அந்தச் சண்டை இல்லை. இங்கே 212-ஆம் பக்கம் மட்டும்தான். ரிஸ்வான் பாய் ஜெராக்ஸ் கடையில் அந்த ஒரு பக்கத்தை எடுத்து மீன் ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். மழை பட்டுக் கிழிந்தால் மறுபடி ஒட்டுகிறார்கள்.

அதில் தாங்கள் எழுதியிருப்பது: ‘1997-இல் வடக்குப் பாட்டில் இறால் பண்ணை அமைக்க ஊரே தயங்கியபோது, பால்ராஜ் என்ற மீனவத் தோழர் என் கையைப் பற்றிக்கொண்டு, ஊர் முன்னேறினால் போதும் என்று சொல்லி முதல் கையெழுத்திட்டார்.’ கீழே அந்தத் தாளின் படம். மேலே பால்ராஜ் என்ற கையெழுத்து, அதன் கீழ் ஏழெட்டுப் பெருவிரல் ரேகைகள்.

பாடு என்றால் என்ன என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் சொல்கிறேன். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் சுத்து வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒரு முறை சீட்டுப் போட்டு எடுப்போம். சீட்டில் குடும்பத்து ஆண்பிள்ளை பெயர் இருக்கும். அப்பனுக்குப் பின் மகன். ஊரைக் கேட்காமல் பாட்டை வெளியாளுக்கு விட்டுக் கொடுத்தவன் வம்சத்துக்குச் சீட்டு கிடையாது. அது ஊர்ச் சட்டம். வடக்குப் பாடு போன பிறகு எங்களுக்கு நல்ல இறால் கிடைக்கும் இடம் பாதியாகிவிட்டது. யார் கொடுத்தது என்று இத்தனை வருஷமாய் யாருக்கும் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது என்கிறார்கள்.

மார்ச் 2-ஆம் தேதி ஞாயிறு பூசைக்குப் பிறகு சீட்டு. என் மகன் ஸ்டீபன் பெயரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. இரண்டு பிள்ளைகள்.

நான் தினமும் குறிப்பு எழுதுகிறவள். யார் எந்தப் பாட்டுக்குப் போனார், என்ன பட்டது, காற்று எப்படி என்று எல்லாம் எழுதுவேன். 14.08.1997 வியாழன், மாதா திருநாளுக்கு முந்தின நாள், தாங்கள் கோயில் வாசலில் நைலான் வலை கொடுக்க வந்தீர்கள். அன்று என் வீட்டுக்காரர் கெளுத்தி முள் குத்திக் கால் வீங்கி பொன்னேரி ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆறு நாள். அது மட்டுமல்ல, அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ரேகைதான். ஊரில் இதைச் சொன்னால், ‘யாரையாவது உட்டு போட வச்சிருப்பான், பேரு அவம் பேருதானே’ என்கிறார்கள்.

ஆகவே தாங்கள் அவரைப் பார்க்கவில்லை என்று இரண்டு வரி எழுதித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
எலிசபெத்


சென்னை
06.02.2025

அன்புச் சகோதரி எலிசபெத் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மடல் கிடைத்தது. என் நூல் வெளிவந்த நாள் முதல் கட்டுக் கட்டாகக் கடிதங்கள் வருகின்றன. என்னோடு ஒரே மேடையில் முப்பதாண்டு நின்றவர்கள் வசைபாடுகிறார்கள். வழக்குத் தொடுப்போம் என்று மூவர் அறிவித்துவிட்டார்கள். இவற்றுக்கிடையே ஒரு மீனவச் சகோதரி தேதியும் கிழமையும் குறித்து எழுதிய மடலைப் படித்தபோது என் மனம் நெகிழ்ந்தது.

ஆனால் அம்மையே, நான் பால்ராஜைப் புகழ்ந்துதானே எழுதியிருக்கிறேன்? இதில் இழுக்கு எங்கே வந்தது? அவரை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். நெடிய உருவம், கறுத்த மேனி, அடர்ந்த மீசை. என் கரத்தை அவர் பற்றிய பிடி இன்றும் நினைவிருக்கிறது. ஆவணமும் கண் முன்னே இருக்கிறது. கையெழுத்து இருக்கும்போது ஆளைப் பார்க்கவில்லை என்று நான் எப்படி எழுதித் தருவேன்? எதிரிகள் அதைப் பிடித்துக்கொண்டு நூல் முழுவதுமே பொய் என்பார்கள். என் நிலையைத் தாங்கள் உணர்வீர்கள் என நம்புகிறேன்.

தங்கள் ஊர்த் தலைவருக்கு வேண்டுமானால் ஒரு வாழ்த்து மடல் அனுப்புகிறேன்.

அன்புடன்,
தணிகாசலம்


மரியே வாழ்க

சவேரியார்குப்பம்
11.02.2025

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டேன். என் வீட்டுக்காரர் குள்ளம். மீசை வைத்ததே இல்லை. வாழ்த்து மடல் வேண்டாம் ஐயா. அதையும் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிவிடுவார்கள்.

போன கடிதத்தில் நான் முழுதும் சொல்லவில்லை. சொல்லாமல் தங்களிடம் மட்டும் உண்மை கேட்டது சரியில்லை என்று இரண்டு நாளாய் ஜெபத்தில் உட்கார முடியவில்லை.

அந்தக் கையெழுத்து என்னுடையது.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. கோயில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நானாகவே எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். கல்யாணம் ஆன பிறகுதான் எழுத வந்தது. அன்று ஆண்கள் தேர் ஜோடிப்பில் இருந்தார்கள். வலை வாங்க நாங்கள் பெண்கள்தான் வரிசையில் நின்றோம். தங்களோடு வந்த கிளார்க் ஒரு நீளத் தாளை வைத்துக்கொண்டு, வலை வாங்கியதற்கு அத்தாட்சி என்று எல்லாரிடமும் ரேகை கேட்டார். என் பக்கத்தில் நின்ற ஜாக்குலின் மையில் விரலைத் தோய்த்துவிட்டாள். நான், ‘நா எழுதுவேன்’ என்றேன். ‘அட, இந்தம்மா கையெழுத்தே போடுதே, அப்ப நீதான் மொதல்ல’ என்று பேனாவைக் கொடுத்தார். எல்லாரும் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வலை குடும்பப் பெயரில் என்பதால் அவர் பெயரை எழுதினேன். ஒற்றுக்கூட விடாமல் அழகாய் எழுதினேன். படத்தில் இப்போது பார்த்தாலும் அழகாய்த்தான் இருக்கிறது.

தாளின் மேல்பாதி மடித்திருந்தது. நான் பார்த்தேன். படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். விரித்துப் பார்த்திருக்கலாம். பேனா கையில் இருந்த சந்தோஷத்தில் விரிக்கவில்லை.

மூன்று வாரத்தில் வடக்குப் பாட்டில் பண்ணைக்குக் கம்பம் நட்டார்கள். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். வீட்டில் சொல்லவில்லை. ‘எவன் கை வச்சான்னு தெரிஞ்சா அவன் வீட்டுத் தண்ணி குடிக்க மாட்டேன்’ என்று அவர் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குச் சோறு போட்டது நான்தான்.

எனக்குத் தங்களிடம் ஒரே கேள்வி. நாங்கள் கை வைத்தபோது அந்தத் தாளில் மேலே என்ன எழுதியிருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. தங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்று எழுதினால் ஊர் என் வீட்டுக்காரரை விட்டுவிடும். சீட்டுக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

இப்படிக்கு,
எலிசபெத்


சென்னை
19.02.2025

சகோதரி எலிசபெத் அவர்களுக்கு,

இம்மடலை உதவியாளரிடம் சொல்லி எழுதவில்லை. என் கைப்பட எழுதுகிறேன். வயதான கை, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்க.

பால்ராஜ் என்று ஒருவரை நான் பார்க்கவில்லை. நூலை ஒழுங்கு செய்த தம்பி அந்தக் காட்சியை எழுதிக்கொண்டு வந்து படித்துக் காட்டினார். நன்றாக இருந்தது. நாலு முறை படித்த பிறகு நடந்தது போலவே இருந்தது. மீசையெல்லாம் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

தாளை மடிக்கச் சொன்னது நான்தான். வலைக்கு அத்தாட்சி என்று சொல்லச் சொன்னதும் நான்தான். பண்ணையால் உங்கள் ஊருக்கு நன்மை வரும் என்று அப்போது நம்பினேன். சம்மதம் கேட்டால் ஓராண்டு இழுக்கும் என்று அஞ்சினேன்.

இதை உங்களுக்கு எழுதிவிட்டேன். ஆனால் சகோதரி, இது நம் இருவரோடு இருக்கட்டும். என் வயதில் நூல் ஒன்றுதான் எனக்கு மிச்சம். இந்த ஒரு தாள் வெளியே போனால் மற்ற நானூறு பக்கமும் குப்பைக்குப் போகும். இரண்டாம் பதிப்பில் பால்ராஜ் பெயரை எடுத்துவிட்டு ‘ஊரார்’ என்று போடச் சொல்கிறேன். உங்கள் மகனுக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலை வாங்கித் தர என்னால் இன்னமும் முடியும். நீங்களும் ஊரில் எதையும் சொல்லிக்கொள்ள வேண்டாம். இத்தனை ஆண்டு இரகசியம் காத்தீர்கள்.

தணிகாசலம்


மரியே வாழ்க

சவேரியார்குப்பம்
03.03.2025

ஐயா அவர்களுக்கு,

நேற்று சீட்டு முடிந்தது. நடந்ததைத் தங்களுக்குத் தெரிவிப்பது முறை என்று எழுதுகிறேன்.

பூசை முடிந்ததும் ஆண்கள் கோயில் பின்பக்கம் வட்டமாய் உட்கார்ந்தார்கள். அந்த வட்டத்துக்குள் பெண்கள் போவதில்லை. நான் போனேன். தலைவர் அருளப்பன், ‘இன்னாம்மா, வழி தப்பி வந்துட்டியா’ என்றார். பால்ராஜ் பெயரைப் போட்டது நான், அவருக்குத் தெரியாது, தாள் மடித்திருந்ததைப் பார்த்தும் விரிக்கவில்லை என்று சொன்னேன். அங்கேயே ஒரு தாளில் பால்ராஜ் என்று எழுதிக் காட்டினேன். சுவரில் இருந்த ஜெராக்ஸைக் கிழித்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

இரண்டும் ஒரே கை என்று ஒத்துக்கொண்டார்கள். பிறகு தலைவர் சொன்னார்: ‘பொம்பள பேரு நம்ம பாட்டுலயே கிடையாது. பாட்டுல இல்லாதவ போட்ட கையெழுத்து இன்னாத்துக்கு ஆவும்? அது செல்லாது. பால்ராஜ் மேல குத்தம் இல்ல. ஸ்டீபன் பேர சீட்டுல போடு.’ அவ்வளவுதான். தங்கள் கடிதம் தேவைப்படவில்லை.

நான் நின்றுகொண்டிருந்தேன். ஏதாவது தண்டனை சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். ‘போம்மா, போயி வேலய பாரு’ என்றார்கள். வெளியே ஜாக்குலின் நின்றிருந்தாள். ‘ஊர வித்தவன்னு பேரு வாங்கக்கூட நம்மள உட மாட்டாங்க போல, பாத்தியாக்கா’ என்றாள். படத்தில் இரண்டாவது ரேகை அவளுடையது. அதுவரை அவளும் வாயைத் திறக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஸ்டீபனுக்கு மூன்றாம் சீட்டு விழுந்தது. நல்ல இடம். வீட்டுக்கு வந்து என்னிடம் பேசவில்லை. என் மருமகள் பிரின்சியிடம், ‘நைனா சாவற வரைக்கும் எவன்னு கேட்டுக்கினே இருந்தாரு, பக்கத்துல உக்காந்து கேட்டுக்கினு இருந்துது இது’ என்று எனக்குக் கேட்கும்படி சொன்னான். இன்று காலை நான் வைத்த சோற்றை எடுக்காமல் ஏரிக்குப் போனான். அவன் செய்தது சரிதான். எத்தனை நாள் அப்படி இருப்பான் என்று தெரியவில்லை. வேலை பற்றித் தாங்கள் எழுதியதை அவனிடம் சொல்லவில்லை. அவனுக்கு அது வேண்டியதும் இல்லை.

தங்கள் கைப்பட எழுதிய கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். ஜெராக்ஸ் எடுக்கவில்லை, யாரிடமும் காட்டவில்லை. நான் என் குற்றத்தை மட்டும்தான் சொன்னேன். தங்களுடையதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. மடித்தவர் சொல்வதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. ‘ஊரார்’ என்று மாற்ற வேண்டாம். ஊரார் கையெழுத்துப் போடவில்லை.

வரும் புதன் சாம்பல் புதன். தவக்காலம் நாற்பது நாளும் தங்கள் பெயரையும் சேர்த்து ஜெபிக்கிறேன். தங்களுக்கு எண்பத்திரண்டு வயது என்று புத்தகத்தில் இருக்கிறது. பயமாய்த்தான் இருக்கும். எனக்கும் முந்தின நாள் சோறு இறங்கவில்லை. சொல்லி முடிக்க மூன்று நிமிஷம் கூட ஆகவில்லை ஐயா.

இப்படிக்கு,
எலிசபெத்