ஒரே பேசினில் கழுவிய போல்ட்டுகள்

என்னங்க,

அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேலேயே இருக்கிறது. என் மேல் உள்ள கோபத்தைச் சோற்றின் மேல் காட்டாதீர்கள். மெக்கானிக் பத்து மணிக்கு வருவார். கொட்டகைச் சாவி ஆணியில் தொங்குகிறது.

அப்பாவின் டிராக்டரைக் கழற்றும்போது, எந்த இடத்து போல்ட் எந்த டப்பாவில் என்று நீங்கள் பிரித்து வைத்திருந்தது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. ஒத்தாசையாக இருக்கட்டுமே என்றுதான் எல்லாவற்றையும் ஒரே பேசினில் கொட்டி மண்ணெண்ணெயில் கழுவினேன். "ஆறு மாச வேலையைப் பத்து நிமிஷத்துல நாசம் பண்ணிட்டியே!" என்று கத்தினீர்கள். உங்களுக்கும் இதுதான் முதல் டிராக்டர், எனக்கும்தான்.

காலையில் உட்கார்ந்து, நீளம் பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறேன். ஏழு மட்டும் எதிலும் சேரவில்லை. அவை கிண்ணத்தில் இருக்கின்றன.

அப்பா இருக்கும்போதே வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று இனி அவசரப்பட வேண்டாம். அவருக்கு இன்னும் இரண்டு நாள்தான் என்கிறார் டாக்டர்.

மெக்கானிக்குக் கண்டிப்பாக டீ போட்டுக் கொடுங்கள்.

சொல்லாமல் போக மனசு வரவில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: "வண்டி என்னம்மா ஆச்சு?" என்று அப்பா நேற்று கேட்டார். "ஓடுதுப்பா" என்று சொல்லிவிட்டேன். "மாப்பிள்ளை கெட்டிக்காரர்தான். நாளைக்கு அந்தச் சத்தத்தை ஃபோன்ல போட்டுக் காட்டு" என்றார்.

வேறு ஏதாவது டிராக்டரின் சத்தத்தைத்தான் போட்டுக் காட்டப் போகிறேன். கேட்டதுமே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தும் என்னிடம் சொல்ல மாட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.