இசக்கி வாசித்த கடிதம்

செம்பூர்
8.7.2024

மதிப்பிற்குரிய ஆறுமுகநயினார் அவர்களுக்கு,

வணக்கம். நான் இசக்கியின் ஆறாம் வகுப்புத் தமிழ் டீச்சர். பட்டறைச் சத்தத்தில் நீங்கள் போன் எடுப்பதில்லை. அதனால் இதை இசக்கியிடமே கொடுத்தனுப்புகிறேன்.

அவளுக்கு இன்னும் தமிழ் வாசிக்க வரவில்லை. புத்தகத்தைத் தந்தால் படத்தைப் பார்த்து ஒரு கதை சொல்கிறாள். நிறுத்தாமல், ஏற்ற இறக்கத்தோடு. நானே இரண்டு வாரம் ஏமாந்தேன்.

அதனால்தான் வகுப்பில் நாடகம் போடுகிறேன். வசனத்தை வாயால் சொல்லித் தரமாட்டேன். தாளைப் பார்த்து வாசிப்பவருக்குத்தான் வேஷம். இசக்கிக்குப் படகோட்டி வேஷம். தினமும் ஒரு பக்கம் உங்கள் முன்னால் விரல் வைத்து வாசிக்கட்டும். திட்டாதீர்கள்.

பானுமதி

*

தாராவி
11.7.2024

டீச்சர் அம்மாவுக்கு ஆறுமுகநயினார் எழுதுவது.

எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். இங்கேயே பிறந்து, இந்தி ஸ்கூலில் நாலாவதோடு நின்றவன். பக்கத்து மிஷினில் பை தைக்கும் மன்சூர் அலி பாய் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்.

உங்கள் கடிதத்தை இசக்கி வாசித்துக் காட்டினாள். கிளாஸிலேயே அவள்தான் நன்றாக வாசிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்களே, அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. தாயில்லாப் பிள்ளை. நாடகத்துக்கு நீங்கள் கேட்ட புதுச் செருப்பும் வாங்கியாச்சு. ஆனாலும் இப்படி வாசிக்கிற பிள்ளைக்கு வேஷம் எதற்கு? பரீட்சைக்குப் படிக்கட்டும்.

வீட்டுக்கு வரும் தமிழ்க் கடிதமெல்லாம் இனி அவள் பொறுப்பு. போன மாதம் வள்ளியூரிலிருந்து என் அக்கா பேராச்சி எழுதியிருந்தாள். மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை, போனும் இல்லை. அதையும் இசக்கிதான் வாசித்தாள். எல்லாரும் சுகம், நீ வரவேண்டாம் என்று எழுதியிருக்கிறாளாம். வரவேண்டாம் என்று சொல்லவா ஒரு கடிதம்? மனசு ஒரு நிலையில் இல்லை.

ஆறுமுகநயினார்

*

செம்பூர்
12.7.2024

ஆறுமுகநயினார் அவர்களுக்கு,

மன்சூர் பாய், இதை நீங்கள்தான் வாசித்துச் சொல்லவேண்டும். பள்ளி ஆயா மூலம் பட்டறைக்கே அனுப்புகிறேன்.

செருப்பு கேட்டு நான் எழுதவில்லை. நன்றாக வாசிக்கிறாள் என்றும் எழுதவில்லை. வாசிக்க வரவில்லை என்றுதான் எழுதினேன். அதை அவள் கையில் கொடுத்தது என் தவறு.

உங்கள் அக்காவின் கடிதத்தை இன்றே பாயிடம் கொடுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். பிள்ளையை அடிக்காதீர்கள்.

பானுமதி

*

செம்பூர்
22.7.2024

ஆறுமுகநயினார் அவர்களுக்கு,

இசக்கி கடைசியாகப் பள்ளிக்கு வந்து பத்து நாளாகிறது. வீடு பூட்டியிருக்கிறது. ஊருக்குப் போயிருப்பதாக மட்டும் மன்சூர் பாய் சொல்கிறார். இதை அவரே அனுப்பிவைப்பதாகச் சொன்னார். படகோட்டி இல்லாமலே ஒத்திகை நடக்கிறது. வேறு பிள்ளைக்குக் கொடுங்கள் என்கிறார் தலைமையாசிரியர். எனக்கு மனம் வரவில்லை. ஒரு வரி எழுதுங்கள். அடித்தீர்களா?

பானுமதி

*

வள்ளியூர்
2.8.2024

டீச்சர் அம்மாவுக்கு,

இதை அக்கா மகன் மாரிசெல்வம் எழுதுகிறான்.

அடித்தேன். மறைக்கமாட்டேன். ஒரு அடிதான். "தெரியலன்னு சொன்னா நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிடுவீயப்பா" என்றாள். அதற்கப்புறம் கை எழவில்லை.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி. "தம்பி, நீ வந்து முகத்தைக் காட்டாமல் ஆப்பரேஷனுக்குப் போகமாட்டேன்" என்றுதான் எழுதியிருந்தாள். ஐந்து வாரம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நாங்கள் வந்த மறுநாளே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கும் வந்துவிட்டாள். தாமதத்தால் என்ன ஆகும் என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை.

அக்கா எழுந்து நடந்ததும் ரயில் ஏறுவோம். அதுவரை பள்ளியில் அவள் பேரை வெட்டவிடாதீர்கள். படகோட்டியையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நாடகத் தாளை இசக்கி துணிகளுக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். தினமும் அக்கா கட்டிலருகே விரல் வைத்து வாசிக்கிறாள். நேற்று அக்காவின் கடிதத்தையே என்னிடம் கேட்டு வாங்கினாள். எழுத்தெழுத்தாக, "தம்பி, நீ வந்து" வரைக்கும் வந்து நின்றுவிட்டாள்.

அக்காவுக்கு மனசு பொறுக்கவில்லை. "சும்மா ஏதாச்சும் சொல்லுளா" என்றாள்.

இசக்கி விரலை எடுக்காமல் அடுத்த எழுத்துக்கு நகர்த்திப் பார்த்தாள். பிறகு, "தெரியல அத்தை, சொல்லிக்குடுங்க" என்றாள்.

தனக்குத் தெரியல என்று என் மகள் வாயால் நான் கேட்டது இதுதான் முதல் தடவை, டீச்சர். மன்சூர் பாய் பக்கத்தில் இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.

ஆறுமுகநயினார்