வங்கம்மா என்றால் வாங்கம்மா இல்லை

குஷாய்குடா,
11.5.2006

அன்புள்ள அச்சு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீ லீவுக்குப் போனதிலிருந்து நம் வீட்டுச் சுவர்களும் நலம், யாரும் அவற்றின்மேல் கால் வைத்துத் தலைகீழாக நிற்பதில்லை. கோயம்புத்தூரில் கல்பகம் அத்தை வீட்டுச் சுவர்கள் எப்படி இருக்கின்றன என்று எழுது. அத்தை தோசை போதும் என்றால் போதும், மாமாவிடம் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

நீ கேட்ட ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பைப் பார்க்கப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அதில் மூன்று வகையாம், படிவத்தில் ஒன்றுக்குத்தான் டிக் போடலாம், ஜூன் ஒன்றாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த வருடம்தான். கம்பியில் தொங்கி ஒல்லிக் கட்டைமேல் நடப்பது ஆர்ட்டிஸ்டிக். ரிப்பனும் வளையமும் வைத்துக்கொண்டு பாட்டுக்கு ஆடுவது ரிதமிக். ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் கோபுரம் கட்டுவது அக்ரோபாட்டிக். அப்பா முதலாவதுதான் என்கிறார், தானும் ஃபேக்டரியில் நாள் முழுக்கக் கம்பியோடுதான் போராடுகிறாராம். நீயோ டிவியில் பார்த்த ரிப்பன்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். நான் மட்டும் மனதுக்குள் கோபுரத்துக்கு டிக் போட்டு வைத்திருந்தேன். அடியில் நிற்கும் மூன்று பேரில் ஒருத்தியாக நின்றால் உன்னை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். ரிப்பன் என்றால் அவ்வளவு பெரிய விரிப்பில் நீ ஒருத்திதானே, எல்லாக் கண்ணும் உன்மேல்தானே.

நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கோச் ஷர்மிளா மேடம் என் பக்கமாகத் திரும்பி வாங்கம்மா, வாங்கம்மா என்று கூப்பிட்டார். ஹைதராபாத் வந்த இரண்டு வருடத்தில் இப்படித் தமிழில் கூப்பிட்டவர் யாருமில்லை. சந்தோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே விரிப்புக்குப் போய்ப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நின்றுவிட்டேன். ஒரு குட்டிப் பெண் "ஆன்ட்டி, மீரு கூடானா?", அதாவது நீங்களுமா, என்று கேட்டு, தள்ளி நின்று இடம் கொடுத்தாள். பார்த்தால் எல்லாரும் குனிந்திருக்கிறார்கள், நிமிர்ந்து நிற்பது நான் ஒருத்திதான். மேடம் சொன்னது வங்கம்மா. அதுவும் எனக்கில்லை, எனக்கு முன்னால் முதுகு பாதிதான் வளைந்து நின்ற பெண்ணுக்கு. தெலுங்கில் வங்கு என்றால் குனி. நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்திருப்பாய்.

திரும்பி ஓட முடியுமா, சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். அதனால் நானும் குனிந்தேன். துப்பட்டா தரையைத் தொட்டது, கை முழங்காலோடு நின்றுவிட்டது. சிரித்தார்கள்தான். சிரித்து முடித்ததும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இதற்குத்தானா முப்பத்தொரு வயதுவரை ஒளிந்துகொள்ளத் தூண் தேடினேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

பிறகு மேடத்திடம், என் பெண்ணுக்குக் கூச்சம் அதிகம், கோபுரத்திலேயே சேர்த்துவிடுங்கள் என்றேன். வீட்டில் என்ன செய்வாள் என்று கேட்டார். விருந்தாளி வந்தால் சுவரில் தலைகீழாக நின்று காட்டுவாள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "ஷை எவரம்மா, பாப்பாவா, மீரா?" என்றார், கூச்சம் பாப்பாவுக்கா உங்களுக்கா என்று. நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், எந்தப் பரீட்சையிலும் ஒரு கேள்வியையும் விட்டதில்லை. இதை மட்டும் விட்டுவிட்டு வந்தேன்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஆர்ட்டிஸ்டிக் பக்கத்தில் பென்சில் புள்ளி இருந்தால் அது அப்பாவின் வேலை, அழித்துவிடு. உனக்குப் பிடித்ததில் நீயே டிக் போட்டு உடனே தபாலில் சேர்க்க மாமாவிடம் சொல், தேதி முக்கியம். இன்னொரு படிவமும் வாங்கினேன், அதை நிரப்பிக் கொடுத்தாயிற்று. காலை ஆறு மணிக்குப் பெண்களுக்கென்று ஒரு வகுப்பு நடக்கிறது. அப்பாவுக்குத் தெரியாது, நான் கோயிலுக்குப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், போனில் உளறிவிடாதே.

உன் கை கால்களுக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

கால் விரலைத் தொட இன்னும் ஒரு சாண் பாக்கியிருக்கும்
உன் அம்மா,
புஷ்பா