மரகதச் சீமாட்டிக்கு வைத்த விஷம்

நவம்பர் 2, ஞாயிறு

விடியலிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஹாலில் நாற்காலிகள் மேல் விரித்தது, ஞாயிறு கதை ஆட்டத்துக்கு நாற்காலி வேண்டுமென்று மறுபடி சுருட்டி உள்ளே. வீடெல்லாம் ஈர வாடை.

சிநேகிதி ரம்யா கொரட்டூரிலிருந்து ரயிலில். பாபு அம்பத்தூரிலிருந்து பைக்கில், தொப்பலாக. அதற்கு முன்பே மாமா வந்து உட்கார்ந்தாயிற்று. இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. மற்ற ஆறு நாளும் பனியன்தான்.

அத்தை போய் ஒரு வருஷம் நெருங்குகிறது. நெமிலிச்சேரி வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே திருமுல்லைவாயிலுக்கு வந்ததிலிருந்து மாமா பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம். ஃபாக்டரியில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர், அதைப் பற்றிக்கூட மூச்சில்லை. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு எங்கள் ஆட்டத்தை அறை வாசலில் நின்று பார்த்தார். "நானும் ஒரு ஆளா இருந்துக்கிடட்டா?" என் கணவன் செந்தில் அன்று ஷிஃப்டுக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். அப்பா வாய் திறந்ததைக் கேட்டு அவன் கண்ணில் தண்ணீர்.

இருள்மலை நாடு. ஆட்டத்துக்காக நான் கட்டிய கற்பனை. அங்கே சூரியன் எழும், கோட்டைக்குள் மட்டும் வராது. கத்தி எடுக்கும் பிரபு கேவலமானவன்; விஷம்தான் குலப்பெருமை. குடும்பத்துக்கு ஒரு விஷம், மகள் கல்யாணத்தில் அதையும் சீரோடு சேர்த்துக் கொடுப்பார்கள். நான் கதையை நடத்துவேன். மற்றவர்கள் ஆளுக்கொரு பிரபுவாகிப் பேசுவார்கள். நடக்குமா நடக்காதா என்று வந்தால் இருபது முகப் பகடை. பாபு கருங்கழுகுப் பிரபு, ரம்யா யாமினி இளவரசி. மாமா மரகதச் சீமாட்டி. "ஆம்பளை வேஷமும் இருக்கு மாமா" என்றேன் அப்போது. "இது போதும்மா."

இன்று: யாமினி மூன்று வாரமாகத் திட்டமிட்ட சதி. வடக்குக் கோபுரத்தில் ஒற்றன் வந்து நிற்கிறான், ரகசியத்தைச் சொல்லப் போகிறான். மாமா கையைத் தூக்கினார்.

"சீமாட்டி அவங்கிட்ட சாப்பிட்டியான்னு கேக்கா. பசிச்ச வயித்துக்கிட்ட சேதி கேக்கக் கூடாதுல்லா."

பிறகு அரை மணி நேரம் ஒற்றனுக்குச் சாப்பாடு. குழம்பு கொதித்தது, சீமாட்டி உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு ருசி பார்த்தாள், உப்பு பத்தவில்லை. ஒற்றனின் அம்மா சௌக்கியமா. கோட்டைக் காவலர்களுக்கு நாளைக்கு என்ன. பாபு என்னைப் பார்த்து வாயைப் பிளந்து கொட்டாவி.

விஷ நாட்டில் ஒருத்தி மட்டும் சமைத்துக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 3, திங்கள்

மழை இல்லை. புழுக்கம். காலையில் வரிசையாக மீட்டிங், கேமராவை அணைத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்கினேன்.

வாட்ஸ்அப்பில் ரம்யா ஒரு குழு தொடங்கியிருக்கிறாள். நான், அவள், பாபு. பெயர் 'சீமாட்டி சாகணும்'. பாபுவின் குரல் செய்தி:

"இன்னா மலரு, நைனா நல்ல மன்சன்தான், நான் இல்லேங்கல. ஆனா வாரம் பூரா பட்டறைல கெடந்துட்டு வரேன். வந்தா அங்க சோறு வடிச்சுகினு கீறாரு. கதை எங்க நகருது? சீமாட்டியப் போட்டுடு. நைனாவுக்கு வேற ஆள் குடு, சண்டை போடற மாதிரி."

ரம்யா: "அவர் யாருக்கும் விஷமே வைக்க மாட்டேங்கறாருப்பா. மூணு மாசமாச்சு."

மத்தியானம் முழுக்க பதில் போடவில்லை. மாமா சாப்பிட்டுத் தட்டை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். எப்போதும் அப்படித்தான், அத்தை எடுத்துப் பழக்கப்படுத்தியது. எடுத்துக் கழுவிவிட்டு, கை ஈரத்தோடு 'சரி' என்று போட்டேன்.

வாங்க: உளுந்து, கொசுவத்தி, மாமாவுக்கு பிரஷர் மாத்திரை.

நவம்பர் 5, புதன்

இரவு முழுக்க மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். பால்காரர் வரவில்லை.

மாமா நான் வேலை செய்யும் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ வேண்டும் போல. ஹெட்போனைக் கழற்றினேன்.

"ஞாயித்துக்கிழமை அந்தக் கருநிலா விருந்து வருதுல்லா. எத்தனை பேரு இருப்பாங்க?"

"நாப்பது பேர் வச்சுக்கலாம் மாமா."

"நாப்பதுன்னா சோத்தோட ரெண்டு காய் போதாது" என்று அவருக்கே சொல்லிக்கொண்டார். போகும்போது சிரித்த மாதிரி இருந்தது.

திரையில் குழு திறந்தே இருந்தது. விஷத்தை எதில் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். சீமாட்டி எல்லாவற்றையும் முதலில் தானே ருசி பார்ப்பாளே, அந்தக் கரண்டியில் தடவிவிட்டால்? யோசனை ரம்யாவுடையதில்லை, பாபுவுடையதும் இல்லை. என்னுடையது. ரம்யா கைதட்டும் பொம்மை ஒன்று அனுப்பினாள்.

நவம்பர் 9, ஞாயிறு

வானம் மூட்டம், மழை இல்லை.

முடிந்தது. எழுத உட்கார்ந்து பத்து நிமிஷமாக மேலே எழுதிய வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கருநிலா விருந்து. கறுப்புத் திரைச்சீலைகள், நாற்பது பிரபுக்கள், ஒருவர் தட்டை ஒருவர் பார்த்தபடி. மாமா சீமாட்டியைச் சமையற்கட்டில் நிறுத்தியிருந்தார். கருங்கழுகுப் பிரபு விஷம் தடவிய கரண்டியை எடுத்தாள், குழம்பை உள்ளங்கையில் விட்டாள்.

"பகடை போடுங்க மாமா" என்றேன். "விஷம் தெரியுதான்னு பார்க்க."

மாமா இரண்டு கையாலும் குலுக்கி விட்டார். பதினேழு.

பதினைந்தோ அதற்கு மேலோ வந்தால் கண்டுபிடித்துவிடலாம் என்பது விதி. நானே வைத்த விதி. அவருக்கு அது தெரியாது. விதி எழுதிய தாள் என் அட்டை மறைப்புக்குப் பின்னால் இருக்கிறது.

"பத்தலையே மாமா. பதினெட்டு வேணும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. பாபு, ரம்யா இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு விதி தெரியும், குழுவில் பேசியிருந்தோம்.

"சரி" என்றார் மாமா.

கரண்டி கல் தரையில் விழுந்த சத்தம், விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தது, சீமாட்டி சரிந்தது. நன்றாகச் சொன்னேன். வெட்கக்கேடு, அவ்வளவு நன்றாகச் சொன்னேன். மாமா பகடையை டப்பாவில் போட்டு மூடி வைத்தார். "கால் மரத்துப்போச்சு" என்று எழுந்து அறைக்குள் போனார்.

பாபு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒரு மாதிரி கீது மலரு. நைனா ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா தேவல" என்றான்.

நவம்பர் 10, திங்கள்

வெயில். துணி காய்ந்தது.

மாமா காலைச் சாப்பாடு வேண்டாம் என்றார். மத்தியானம் பாதி.

இரவுச் சாப்பாட்டில் செந்தில் கேட்டான், அப்பா ஏன் இப்படி இருக்கார். சொன்னேன், பகடையை விட்டுவிட்டு. தோசையைப் பிய்த்தவன் நிறுத்திவிட்டான்.

"அந்தச் சீமாட்டி என்னெல்லாம் பேசும்?"

சொன்னேன். பசித்த வயிறு. உள்ளங்கையில் குழம்பு. வந்தவனுடைய அம்மாவை விசாரிப்பது.

"அது எங்க அம்மாடி."

"அப்படியா?" என்றேன்.

அவனிடம் அப்படி. இங்கே யாரிடம் நடிப்பது? எனக்குத் தெரியும். செப்டம்பரிலேயே தெரியும். ஒரு நாள் மாமா சீமாட்டி குரலில் "இருக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றபோது அத்தையே பேசுவது போல் இருந்தது. கூடவே பழைய அலுப்பு. அத்தை என் சமையற்கட்டில் நின்று, நான் வைத்த குழம்பைக் கையில் விட்டு நக்கிப் பார்க்கும்போது வருமே, அதே அலுப்பு. கொட்டாவி விட்ட பாபுவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் கரண்டியில் தடவினேன்.

நவம்பர் 12, புதன்

மறுபடி மழை. மதியம் கரண்ட் இல்லை, லேப்டாப் செத்தது. சும்மா உட்கார்ந்திருந்தேன். மாமா தானாக வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"மலரு, நீ அன்னைக்கு விழுந்தாள்னுதான் சொன்ன. செத்தாள்னு சொல்லல."

யோசித்தேன். ஆமாம். சொல்லவில்லை.

"சொல்லல மாமா."

"அந்த விஷம் உடனே கொன்னுருமா?"

"நீங்க சொல்லுங்க. எவ்வளவு வேணும்?"

"பொழைக்க வைக்கச் சொல்லல. அது ஆட்டத்துக்கு அழகில்ல. ஒரு பகல் குடு, போதும்."

வெளியே ரயில் போனது. பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆஸ்பத்திரியில் அன்று அத்தைக்குக் கொஞ்சம் தேவலை போல் இருந்ததாம். காலையிலிருந்து வெறும் வயிறா இருக்கீக, போய் டீ குடிச்சிட்டு வாங்க என்று அவளே அனுப்பினாளாம். கீழே கேன்டீனில் கூட்டம். வரிசையில் நின்று, வாங்கி, ஆற்றிக் குடித்து, மேலே வந்தால் திரை போட்டு மூடியிருந்தார்கள்.

"டீய ஆத்திக் குடிச்சேன்" என்றார். "சூடாவே குடிச்சிருக்கலாம்."

அப்போதே பகடையைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். கரண்ட் வந்துவிட்டது. ஃபேன் சுற்றியது, மாமா எழுந்துவிட்டார். கரண்ட் மேல் பழி போடுகிறேன்.

குழுவில் எழுதினேன்: ஞாயிறு வாருங்கள். சீமாட்டி இன்னும் சாகவில்லை. அவள் யார் என்றும் எழுதினேன். ரம்யா ஃபோனில் அழுதாள். பாபுவிடமிருந்து பதிலே இல்லை, நீல டிக் மட்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் நல்ல மழை, பத்து மணிக்கு விட்டது. பாபு வருவானா என்று சந்தேகம். வந்தான். கையில் ஆரஞ்சுப் பழம், நோயாளியைப் பார்க்க வருகிறவன் மாதிரி.

மாமா அதே சட்டை.

சீமாட்டியைக் கோட்டையின் மேற்கு அறையில் படுக்க வைத்தேன். விரல் நுனியெல்லாம் நீலம். சாயங்காலம் வரைக்கும்தான். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

"கருங்கழுகுப் பிரபுவ வரச்சொல்லு. சாப்பாடு போடணும்."

பாபு நிமிர்ந்தான். இருள்மலை நாட்டில் விஷம் வைத்தவனை விருந்துக்குக் கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், பதிலுக்கு விஷம். வராவிட்டால் குலத்துக்கே அவமானம்.

சீமாட்டி படுக்கையிலிருந்து எழுந்து தானே சமைத்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். மாமா ஒவ்வொன்றாகச் சொன்னார், அவசரமே இல்லாமல். நெல்லிக்காய் அளவு புளி. தேங்காயை அரைக்கும்போது சீமாட்டி மூச்சு வாங்க நின்றாள். யாரும் கொட்டாவி விடவில்லை.

"பிரபு முன்னால இலை போட்டாச்சு" என்றார் மாமா.

பாபு மேஜையில் இல்லாத அந்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நைனா, இதுல விஷம் கீதா?"

"சாப்ட்டுப் பாரு."

"பகடை போடட்டா?"

"வேணும்னா போடு."

பாபு பகடையைக் கையில் எடுத்தான். எடுத்தவன் கீழே வைத்துவிட்டான். "வேணா. கருங்கழுகு சாப்புடறான். மொத்தமும் சாப்புடறான்."

விஷம் வைத்தவர் கதை நடத்துகிறவளின் காதில் சொல்ல வேண்டும், அது விதி. மாமா என் பக்கம் சாய்ந்தார். விபூதி வாசனை.

"ஒண்ணும் கலக்கல. அவ சாப்பாட்டுல அவ கலப்பாளா?"

நான் சத்தமாகச் சொன்னேன்: சாப்பாடு, வெறும் சாப்பாடு. பாபு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. "மன்ச்சிடு நைனா, மன்ச்சிடு." ரம்யா அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தாள், அவளும் அழுதாள். எங்கள் விருந்தாளிகள் சாப்பிடாமல் போனதே இல்லை என்று மாமா சீமாட்டி குரலிலேயே சொன்னார்.

கடைசியில் சீமாட்டி தன் கணவரைக் கேட்டாள். இத்தனை மாதத்தில் அப்படி ஒருவர் கதையிலேயே இல்லை. மாமா என்னைப் பார்த்தார். நான்தான் ஆக வேண்டும்.

"வந்துட்டேன்" என்றேன்.

"காலைலருந்து வெறும் வயிறா இருக்கீக. போய் டீ குடிச்சிட்டு வாங்க." சீமாட்டியின் குரலில்லை. அத்தையின் குரல், அச்சாக. "மெதுவா வாங்க. நல்லா ஆத்திக் குடிங்க. ஒண்ணும் அவசரமில்ல."

இருள்மலை நாட்டில் டீ கிடையாது. யாரும் சொல்லவில்லை.

"சரி, போய்ட்டு வர்றேன்" என்றேன். எழுந்தும் நின்றேன், ஏன் என்று தெரியவில்லை.

மாமா கண்ணை மூடிக்கொண்டு, "போயிட்டா" என்றார்.

எல்லோரும் இங்கேயே சாப்பிட்டார்கள். மாமா இரண்டாம் தரம் சாதம் கேட்டார். பாபு கதை சொல்லிச் சிரிக்க வைத்தான். போகும்போது மாமாவின் கையைப் பிடித்து, "அடுத்த வாரம் கண்டிப்பா வரேன் நைனா" என்றான். அதோடு விட்டிருக்கலாம். எல்லாம் சரியாகிவிட்டது, எனக்குத்தான் சரியாகவில்லை. மாமா மோர் ஊற்றிக் கடைசிப் பிடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"மாமா, அன்னைக்கு நீங்க போட்டது போதும். பதினைஞ்சுதான் வேணும். நான் பொய் சொன்னேன்."

மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் சொன்னேன், என் மனசிலிருந்து இறங்கட்டும் என்று. அவர் முகம் அப்படி மாறும் என்று நினைக்கவில்லை. சின்னப் பையன் முகம்.

"அப்ப... பொழச்சிருப்பாளா?"

மறுபடி பொய் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம்.

"பொழச்சிருப்பாங்க மாமா."

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மோர் ஓரமாக வழிந்து சேர்ந்தது. பிறகு:

"எனக்குத் தெரியும்னு பாபுகிட்ட சொல்லிராத. அவனும் தெரிஞ்சுதான் இருந்தாம்போல. ஆனா இன்னைக்கு அழுதது நெசமா அழுதான்."

"உங்களுக்கு என் மேல..."

"இப்ப ஒண்ணும் கேக்காதம்மா."

எழுந்தார். தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவினார். நான் கை நீட்டினேன், தரவில்லை. துடைத்து அலமாரியில் வைத்தார், தப்பான இடத்தில். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தாழ்ப்பாள் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன். நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். இதுவரை வரவில்லை.