பிறந்த நேரத்து வானம்

சிவகாசி,
புரட்டாசி கடைசி வெள்ளி.

அன்பு மகள் ஸ்ரீமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். கனடாவில் நீயும் சுகமாக இருந்து நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், அதுவும் அரை நம்பிக்கைதான். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். உன் அப்பா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், என் போனும் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் கிடக்கிறது. இது அவர் காதுக்கு இப்போது போகக் கூடாத விஷயம்.

தீபாவளி சீசன், அப்பா எம். புதுப்பட்டி பேக்டரியே கதி என்று இருக்கிறார், லோடு ஏற்ற லாரி வரவில்லை என்று என்மேல் எரிந்து விழுகிறார். அது கிடக்கட்டும். போன மாதம் நீ பிறந்த நேரம் கேட்டபோதே எனக்குச் சந்தேகம். யுனிவர்சிட்டி கோளரங்கத்தில், பிறந்தநாள் வருகிறவர்களுக்கு அவரவர் பிறந்த நேரத்து வானத்தைக் கூரையில் காட்டுவோம், என்கூட வேலை பார்க்கிற ஹரிபிரசாத்தான் மிஷினை ஓட்டுவான் என்றாய். நாள், மணி, ஊர், இந்த மூன்றையும் கேட்பது ஜோசியர்தானே. உன் சித்தி மாரிச்செல்வியிடம் சொன்னேன். அவள், "அக்கா, அங்கன பொருத்தம் பாக்காக, நம்மகிட்ட வானம்னு சொல்லுதாக" என்றாள். அந்தப் பையனின் அம்மா ஊரிலிருந்து வந்து, நீ பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்துகிற ஷோவை இரண்டு தடவை பார்த்ததாகவும் சொல்லியிருந்தாய். ஒரே வானத்தை இரண்டு தடவை பார்க்க அந்த அம்மாளுக்கு என்ன அவசரம்? உன்னைப் பார்க்கத்தான் வந்திருப்பாள் என்று நினைத்தேன், அந்த இருட்டில் என்னத்தைப் பார்த்திருப்பாள் என்றும் நினைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஜாதகத்தில் இருக்கிற நேரத்தையே அனுப்பினேன், மதியம் இரண்டு பத்து.

போன வாரம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். மற்றவர்களுக்கெல்லாம் கூரை நிறைய நட்சத்திரம், உன் முறை வந்ததும் பட்டப்பகல், நீலத்தின் நடுவே ஒற்றைச் சூரியன், எல்லோரும் கேலி செய்தார்கள், எனக்கு மட்டும் நட்சத்திரமே இல்லம்மா என்றாய். அப்பாவும் சிரித்தார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்ரீமதி, நீ மதியம் பிறக்கவில்லை. விடிகாலை நாலு நாற்பதுக்குப் பிறந்தாய். பதினைந்து நாள் முந்திக்கொண்டு வலி வந்ததால் பேக்டரி வேனில்தான் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள், அப்பா வேலையாக ஏழாயிரம்பண்ணையில் இருந்தார். அறையில் நானும் நர்ஸ் செல்லத்தாயும்தான். விடிந்ததும் சுவரில் இருந்த தினசரி காலண்டரில் அவள் முந்தின நாள் தாளைக் கிழித்தாள். புதுத் தாளில் மூலம் பகல் 1.12 வரை, பிறகு பூராடம் என்று போட்டிருந்தது. மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்று வந்த வரன் எல்லாம் திரும்பிப் போய்த்தான் மாரிச்செல்விக்கு முப்பத்திரண்டு வயதில் கல்யாணம் ஆனது. செல்லத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் பெண்ணைப் பெற்றவள், "நான் வாயத் தொறக்க மாட்டேன் தாயீ" என்றாள். ஒன்பதரை மணி நேரம் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. நீ அழுதால் வெளியே கேட்குமே என்று உன்னை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக் கிடந்தேன். அப்பா வந்ததும் இரண்டு பத்து என்றேன். அவர் அதையே ஜோசியரிடம் சொன்னார், இன்றுவரை அதையே நம்புகிறார். ஊரில் எல்லோரையும் சந்தேகப்படுகிறேன் என்று நீ என்னைத் திட்டுவாய். ஒரு பொய்யை மறைத்து வைத்திருக்கிறவளுக்கு வேறு எப்படி இருக்க முடியும்? உனக்கு நல்லது செய்ததாகத்தான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். உன் நட்சத்திரங்களை நானே எடுத்துக்கொண்டேன் என்று இப்போதுதான் தெரிகிறது, மனசு ஆறவில்லை.

நீ பிறந்தபோது ஜன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டு, வானம் கொள்ளாமல் நட்சத்திரம் இருந்தது. நாலு நாற்பதைப் போட்டுக் காட்டச் சொல்லி, சித்தியின் போனுக்குப் போட்டோ அனுப்பு, என் போனுக்கு வேண்டாம். உனக்கும் ஹரிபிரசாத்துக்கும் நடுவே ஒன்றும் இல்லை என்று நீ சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை. அவனுடைய அப்பா இருக்கிறாரா என்று மட்டும் எழுது. இருந்தால் உண்மையான நேரத்தை அவரிடம் நானே சொல்கிறேன், உன் அப்பாவிடம் அதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். இன்னொரு தடவை அந்தப் பொய்யைச் சொல்ல என்னால் ஆகாது.

பத்திரகாளியம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், நீடூழி வாழ். குளிருக்குக் காதை மூடிக்கொள். அன்றைய காலண்டர் தாளை இருபத்தேழு வருஷமாகப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன், இத்துடன் இருக்கிறது. படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போடு. தாளைக் கிழிக்காதே.

இப்படிக்கு
உன் அம்மா,
செல்லக்கனி