எதிர்பார்த்தது, நடந்தது

மார்ச் 3, செவ்வாய்

பக்கத்து இருக்கைச் சுண்டெலி கர்ப்பம்; இது ஐந்தாம் மாதம். எந்நேரமும் எதையாவது கொறிப்பதால் நாங்கள் வைத்த பெயர். இன்று மேனேஜர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். மென்பொருள் டெஸ்டிங் வேலையாக நானும் உள்ளே இருந்தேன். "நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா உங்களுக்கும் மரியாதை, எங்களுக்கும் நிம்மதி" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் பதிலுக்குச் சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 4, புதன்

சுண்டெலி புகார் கொடுத்துவிட்டாள். சாட்சி நானாம். என்னை ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?

மார்ச் 5, வியாழன்

காபி மெஷின் பக்கத்தில் மேனேஜர் பிடித்துக்கொண்டார். "நாமெல்லாம் ஒரே குடும்பம். அன்னிக்கு நான் அக்கறையாத்தானே பேசினேன்? உங்க ப்ரமோஷனும் என்கிட்டதான் இருக்கு." காபியைத் துப்பட்டாவில் கொட்டிக்கொண்டேன்.

வீட்டில் இவர், "உனக்கு எதுக்கு ஊர் வம்பு? காதுல விழலேன்னு சொல்லிடு" என்கிறார். அடுத்த நாற்காலி ஊரா? ஆனால் அவரும் பயந்துதான் சொல்கிறார். அவருக்கு வேலை போனதிலிருந்து வீடு என் தலையில்.

மார்ச் 8, ஞாயிறு

நாளை விசாரணை. காதில் விழவில்லை என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன்.

மார்ச் 9, திங்கள்

எதிரே எச்.ஆர். அம்மா. ஒரு பக்கம் மேனேஜர், மறுபக்கம் சுண்டெலி. "என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

காதில் விழவில்லை என்று சொல்லத்தான் போனேன். சத்தியமாக. பயத்தில் வாய்க்கு வந்தது என் தொழில்தான் — மென்பொருளில் கோளாறு கண்டால் நாங்கள் இரண்டே தலைப்பில் எழுதுவோம்.

"எதிர்பார்த்தது: பிரசவ லீவு எப்ப வேணும்னு கேப்பாரு. நடந்தது: ராஜினாமா எழுதச் சொன்னாரு."

மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. "எப்படிச் சொன்னார், அதே வார்த்தையில சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. ஒரு சொல் விடாமல் சொன்னேன். பிறகு கழிப்பறைக்குப் போய் அழுதேன். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!

மார்ச் 10, செவ்வாய்

ஆபீஸ் வாசல் கருவியில் அடையாள அட்டையை வைத்தேன். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. அவ்வளவுதான், சீட்டைக் கிழித்துவிட்டார்கள். "அட்டையத் திருப்பிப் புடிங்கம்மா" என்றார் காவலர். பச்சை.

சுண்டெலி தன் நாற்காலியில் கொறித்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

மத்தியானம் பின்வரிசைப் பெண் வந்து நின்றாள். போன வருடம் பிரசவம் முடிந்து திரும்பியபோது இவளிடமிருந்த பெரிய வேலையை மேனேஜர் பிடுங்கிவிட்டார்.

"அக்கா, சுண்டெலி சொன்னா. அந்த ரெண்டு தலைப்பு என்னக்கா? நானும் எழுதணும்."